மாற்றுக் கட்சிக்கு ஓர் ஓட்டு: சில குறிப்புகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்பன் என்று ஒரு சிற்றூர். 1854 மார்ச் 20 அன்று அங்கிருந்த வெள்ளை நிறப் பள்ளிக்கூடம் ஒன்றில் உள்ளூர்க்காரர்கள் கூடினார்கள். விக் கட்சிக்காரர், சுதந்திர மண் கட்சிக்காரர், ஜனநாயகக் கட்சிக்காரர் எனப் பல கட்சி ஆட்களும் வந்திருந்தார்கள். கன்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளுக்கு அடிமைமுறை பரவ வழிதிறக்கும் மசோதா அப்போது வாஷிங்டனில் நிறைவேறிக்கொண்டிருந்தது. அதை எதிர்க்கத் தங்கள் கட்சிகள் போதாது என்று கண்டவர்கள், புதிதாக ஒரு கட்சி தொடங்கத் தீர்மானித்தார்கள். குடியரசுக் கட்சி பிறந்த இடம் என்று ரிப்பன் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

2024 அக்டோபர் 3 அன்று அதே ஊரில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸுடன் குடியரசுக் கட்சியின் லிஸ் செனி மேடையேறினார். வாழ்நாளில் ஒருமுறைகூட அந்தக் கட்சிக்கு வாக்களித்ததில்லை, இந்த முறை வாக்களிக்கப்போகிறேன் என்றார். அதைச் சொல்ல அவருக்கு வேறெந்த ஊரும் இவ்வளவு பொருந்தியிருக்காது. குடியரசுக் கட்சியே தங்கள் கட்சியைத் தாண்டி வந்தவர்கள் உண்டாக்கியதுதான்.

*

லிஸ் செனியை மிதவாதி என்று சொல்ல முடியாது. வயோமிங் மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் உள்ள ஒரே இடத்தில் இருந்தவர். துப்பாக்கி உரிமை, வரிக்குறைப்பு, கருக்கலைப்பு எதிர்ப்பு, ராணுவச் செலவு என எதை எடுத்தாலும் கட்சியின் வலது ஓரத்தில் நின்றவர். ட்ரம்பின் முதல் ஆட்சியில் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் ட்ரம்ப் விரும்பியபடியே வாக்களித்தவர். 2020 தேர்தலிலும் அவருக்கே ஓட்டுப் போட்டவர்.

2021 ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தது. ஒரு வாரம் கழித்து ட்ரம்ப் மீது பதவிநீக்கத் தீர்மானம் வந்தபோது அதை ஆதரித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். செனி அவர்களில் ஒருவர். மே மாதம் சபைக் கட்சியில் அவர் வகித்த தலைமைப் பொறுப்பைப் பறித்தார்கள். 2022 ஆகஸ்டில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்ற ஹேரியட் ஹேகமனுக்கு 66 சதவீதம், செனிக்கு 29. அதற்கு இரண்டே ஆண்டு முன்னால் அதே உட்கட்சித் தேர்தலில் செனி வாங்கியது 73 சதவீதம்.

இழக்க ஒன்றுமில்லாதவர் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று அவரைப் பற்றிச் சொல்வது உண்டு. வரிசை மாறிச் சொல்கிறார்கள். பேசியதால்தான் இழந்தார்.

*

நம் ஊர் அரசியலில் பழகிய கண்ணுக்கு இது கட்சித் தாவலாகத் தெரியலாம். ஆனால் செனி ஜனநாயகக் கட்சியில் சேரவில்லை, பதவி கேட்கவில்லை. ஹாரிஸின் கொள்கைகளோடு தனக்கு உடன்பாடில்லை என்பதையும் மறைக்கவில்லை. கூட்டாட்சி நீதிபதியாக இருந்த மைக்கேல் லூட்டிக்கும் அப்படித்தான். அமெரிக்கப் பழமைவாத நீதிபதிகளில் மிகவும் மதிக்கப்பட்டவர்களில் ஒருவர். 2024 ஆகஸ்டில் ஹாரிஸை ஆதரித்து அவர் வெளியிட்ட அறிக்கையில், கொள்கைகளைப் பொறுத்தவரை தாங்கள் இருவரும் வேறு வேறு திசை என்பதை அவரே சொல்லிவிட்டார். ஒரு தேர்தலுக்கு மட்டும் ஓட்டு மாறுகிறது, கொள்கை மாறவில்லை. இப்படிச் செய்பவர் தன் கருத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை எதிர்ப்பவருக்கு அதிகாரத்தைக் கொடுக்கிறார். கட்சி மாறுவதைவிட இது கடினமான காரியம்.

*

இந்த முடிவு ஏன் கடினம்? ஒரு வாக்காளரை நினைத்துப் பாருங்கள். கருவில் உள்ள உயிரைக் கலைப்பது கொலை என்று மனதார நம்புகிறவர். அதற்காகவே நாற்பது ஆண்டுகள் ஒரே கட்சிக்கு வாக்களித்தவர். கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது தன் பிரார்த்தனை பலித்ததாக நினைத்தவர். அந்தப் பழைய உரிமையைச் சட்டமாகவே திரும்பக் கொண்டுவருவேன் என்று ஊர் ஊராகப் பேசும் வேட்பாளருக்கு ஓட்டுப் போடச் சொல்லி அவரிடம் கேட்கிறோம். சின்ன வேண்டுகோள் அல்ல. அவர் தயங்கினால் கோழை என்றோ மூடர் என்றோ நினைப்பது அநியாயம்.

அவரிடம் பேசக் கிடைத்தால் ஒன்றைச் சொல்வேன். நீங்கள் வென்றது எப்படி? அந்தத் தீர்ப்பை மாற்ற 49 ஆண்டுகள் ஆயின. தோற்றீர்கள், மறுபடி நின்றீர்கள், ஆட்களைத் திரட்டினீர்கள், செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தீர்கள், நீதிபதிகள் மாறும்வரை காத்திருந்தீர்கள். தோற்றவர் பதவியை விட்டு இறங்குவார் என்ற ஒரே விதி இருந்ததால்தான் அந்த வழி உங்களுக்குத் திறந்திருந்தது. உங்கள் எதிராளியின் சட்டத்தையும் நான்கு ஆண்டு கழித்து அதே வழியில் மாற்றலாம். தேர்தல் முடிவை ஏற்க மறுத்து, சுமார் 60 வழக்குகளில் தோற்று, கடைசியில் தன் துணை அதிபரிடமே வாக்குகளை ஒதுக்கிவிடச் சொன்ன ஒருவர் அந்த விதியை உடைத்தால், அதைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தேர்தலில் வாக்களிப்பீர்கள்?

திருத்தக்கூடிய தவறு எது, திருத்த முடியாத தவறு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். வரி விகிதம், எல்லைக் காவல், எரிவாயுக் கிணறு எல்லாம் முதல் வகை. அதிகாரம் கைமாறுவது இரண்டாவது வகை.

*

இரண்டு பேரையும் பிடிக்காதவர்களுக்குப் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களின் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. வாக்குச்சீட்டில் இல்லாத ஒரு பெயரைத் தாங்களே எழுதலாம். 2016இல் குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி தன் மனைவி பெயரை எழுதினார். ஒஹையோ ஆளுநர் ஜான் கேசிக், அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன் பெயரை எழுதினார். 2020இல் மேரிலாண்ட் ஆளுநர் லாரி ஹோகன் எழுதியது 2004இலேயே இறந்துபோன ரொனால்ட் ரீகன் பெயரை. 2024இல் செனட்டர் சூசன் காலின்ஸ், உட்கட்சிப் போட்டியில் ட்ரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி பெயரை எழுதப்போவதாகச் சொன்னார்.

கைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் லிஸ் செனி 2024 செப்டம்பர் 4 அன்று வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பதில் சொன்னார். இழுபறி மாநிலங்களில் இருப்பவர்களுக்கு வேறு பெயரை எழுதிப்போடும் சொகுசு இல்லை என்றார். நான் இதில் அவர் கட்சி. அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரிக் கணக்கு. வயோமிங்கில் பிடித்தவர் பெயரை எழுதினால் எதுவும் ஆகாது. விஸ்கான்சினில் 2020இல் வித்தியாசம் 20,682 ஓட்டு, 2024இல் சுமார் 29,000. அங்கே அது மனசாட்சியின் குரல் மட்டும் அல்ல, முடிவைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிடுவதும்கூட.

மேரிலாண்டில் ஜனநாயகக் கட்சியே வெல்லும் என்று ஹோகனுக்குத் தெரியும். அவர் ரீகன் பெயரை எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. அரிசோனாக்காரர் எழுதியிருந்தால் வருத்தம்தான்.

*

ராம்னி குடும்பம் ஒரு தனி அத்தியாயம்.

1964இல் பேரி கோல்டுவாட்டர் குடியரசுக் கட்சி வேட்பாளரானார். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் வாக்களித்திருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கட்சி மாநாட்டில் தீவிரப் போக்காளர்களைக் கண்டித்துப் பேசிய நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்பெல்லரைப் பேசவிடாமல் கூச்சலிட்டார்கள். மிச்சிகன் ஆளுநராக இருந்த ஜார்ஜ் ராம்னி, கோல்டுவாட்டரை ஆதரிக்க மறுத்தார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான்சனையும் ஆதரிக்கவில்லை. அதே தேர்தலில் மிச்சிகன் மக்கள் அதிபராக ஜான்சனையும் ஆளுநராக ராம்னியையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே வாக்குச்சீட்டில் மேலே ஒரு கட்சி, கீழே இன்னொரு கட்சி. வாக்காளர்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

அறுபது ஆண்டு கழித்து மகன் மிட் ராம்னி அதே இடத்தில் நின்றார். பதவிநீக்க விசாரணையில் தன் கட்சி அதிபரைக் குற்றவாளி என்று வாக்களித்த முதல் செனட்டர் அவர். 2020இல் ஒருமுறை, 2021இல் மறுமுறை. துணிச்சலுக்குக் குறைவில்லை. ஆனாலும் 2024இல் ஹாரிஸை ஆதரிக்கவில்லை. கட்சியைப் பிற்காலத்தில் திரும்பக் கட்டும்போது தன் சொல்லுக்கு அங்கே மதிப்பிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கட்சிக்குள் ஒருவராவது மிஞ்ச வேண்டும். ஆனால் 1964இல் கோல்டுவாட்டரிடம் தோற்ற மிதவாதிகளும் இப்படித்தான் காத்திருந்தார்கள். கட்சி அவர்களிடம் திரும்பவே இல்லை. அந்தத் தேர்தலின் கடைசி வாரத்தில் கோல்டுவாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசிய நடிகர் ரீகன், பதினாறு ஆண்டு கழித்து அதிபரானார்.

*

1964இல் ஜான்சன் தரப்பு ஒரு விளம்பரம் எடுத்தது. கண்ணாடி போட்ட ஓர் இளைஞர், கையில் சிகரெட்டோடு, நான்கு நிமிடத்துக்கு மேல் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். நான் குடியரசுக் கட்சிக்காரன், என் அப்பாவும் தாத்தாவும் அப்படித்தான், ஆனால் இந்த ஆளைப் பார்த்தால் பயமாயிருக்கிறது என்கிறார். இசை இல்லை, காட்சி மாற்றம் இல்லை. மென்று விழுங்கிப் பேசும் ஒரு மனிதர் மட்டும். நடித்த வில்லியம் போகர்ட் நிஜத்திலும் குடியரசுக் கட்சிக்காரர். 2016இல் முதியவராகி, ஹிலாரி கிளின்டனுக்காக அதே போன்ற படம் ஒன்றில் மறுபடி வந்தார்.

2020இலும் 2024இலும் ‘ட்ரம்புக்கு எதிரான குடியரசுக் கட்சி வாக்காளர்கள்’ என்ற குழு சேகரித்த காணொளிகளுக்கும் இதே வடிவம்தான். சமையலறையில், காருக்குள், கைப்பேசியை நிறுத்திவைத்துப் பேசும் சாதாரண மனிதர்கள். தலைவர்களின் அறிக்கைகளைவிட இவை என்னைத் தொட்டன. தலைவருக்குச் சரித்திரத்தில் ஓர் இடம் கிடைக்கும். இவர்களுக்கு வீட்டில் சண்டைதான் மிச்சம்.

*

வீட்டுச் சண்டை என்பது வெறும் பேச்சல்ல. பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த இன்னொருவர் இல்லினாயைச் சேர்ந்த ஆடம் கின்சிங்கர், முன்னாள் விமானப்படை விமானி. அவருடைய சொந்தக்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்திட்டு, குடும்பத்துக்கே அவமானம் என்று கடிதம் எழுதி அவரைத் தள்ளிவைத்தார்கள். சாத்தானின் படையில் சேர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். 2024 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் பேசினார்.

இந்தச் சூழலில்தான் ரகசிய வாக்கெடுப்பின் அருமை புரிகிறது. மனசாட்சிப்படி வாக்களித்துவிட்டு ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கலாம் என்று செனி கடைசி வாரங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார். கணவர் அறியாமல் மனைவி வாக்களிப்பதைக் காட்டும் விளம்பரமும் வந்தது, ஜூலியா ராபர்ட்ஸ் குரலில். அதற்கு எதிர்ப்பும் வந்தது. எனக்கு அந்த விளம்பரத்தில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. வாக்குச்சாவடித் திரை கணவனுக்கும் சேர்த்துத்தான்.

*

மறுபக்கம் நின்றவர்களையும் சொல்ல வேண்டும். ட்ரம்பின் அட்டர்னி ஜெனரலாக இருந்த வில்லியம் பார், தேர்தல் மோசடிப் புகாருக்கு ஆதாரமில்லை என்று 2020 டிசம்பரிலேயே சொன்னவர். 2024இல் ட்ரம்புக்கே வாக்களிப்பேன் என்றார். ஜனவரி 6 சம்பவத்துக்கு ட்ரம்பே பொறுப்பு என்று செனட்டில் முழங்கிய, அந்தச் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் 2024 மார்ச்சில் ட்ரம்பை ஆதரித்தார். நிக்கி ஹேலி போட்டியிலிருந்து விலகிய பிறகும் பென்சில்வேனியா உட்கட்சித் தேர்தலில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த ஹேலியே கடைசியில் ட்ரம்புக்கு என்றார். தன் பெயரைப் பயன்படுத்தி ஹாரிஸுக்கு ஆள் திரட்டிய குழுவுக்கு வக்கீல் நோட்டீசும் அனுப்பினார்.

இவர்களில் யாரும் ட்ரம்பை அறியாதவர்கள் அல்லர். இடதுசாரிகளால் நாட்டுக்கு வரும் கேடு இன்னும் பெரியது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. சாதாரண வாக்காளர் அப்படி முடிவெடுத்தால் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர்கள், பார்த்ததைப் பகிரங்கமாகச் சொன்னவர்கள் எடுத்தால் மனம் ஆறவில்லை.

*

வரவேற்கும் கட்சிக்கும் இதில் விலை உண்டு. 2024 செப்டம்பர் 6 அன்று லிஸின் தந்தை டிக் செனியும் ஹாரிஸுக்கு ஆதரவு சொன்னார். 2003இல் இராக்கின் மீது படையெடுக்க முன்னின்ற துணை அதிபர். அந்தப் போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள்தான் ஜனநாயகக் கட்சியின் அடித்தளம். டிக் செனியின் ஆதரவைப் பெருமையாகச் சொல்லும் மேடையைப் பார்த்து அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அக்டோபர் 21 அன்று லிஸ் செனியும் ஹாரிஸும் மிச்சிகனில் டெட்ராய்ட்டின் புறநகரான ராயல் ஓக்கில் ஒன்றாகத் தோன்றினார்கள். இன்னொரு புறநகர் டியர்பார்ன், அரபு அமெரிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். 2020இல் பைடனுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்த அந்த ஊரில் 2024இல் ட்ரம்புக்கு 42 சதவீதம், ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. முதல் காரணம் காசா. ஆனால் காசாவுக்காகக் குமுறிக்கொண்டிருந்தவர்களின் ஊர்ப்பக்கம் செனி பெயரைக் கொண்டுபோனது பெரிய பிழை.

தாண்டி வந்த பழமைவாதிகளுக்கும் ஹாரிஸ் அதிகம் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. அமைச்சரவையில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவருக்கு இடம் தருவேன் என்றார். கொள்கையில் ஒரு படியாவது இறங்கி வந்திருந்தால் அந்த நாற்பதாண்டு வாக்காளருக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்திருக்கும்.

*

திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊரில், 2020இலும் 2024இலும் கோயிலில் சிறப்பு பூஜை நடந்தது. நம் பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. நம் வீட்டுப் பெண் என்ற வாஞ்சை இயல்பானது. ஆனால் அந்தத் தேர்தலைத் தீர்மானிக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் மில்வாக்கி நகருக்கு மேற்கே வாக்கெஷா கவுன்ட்டியில் இருந்தார்கள். 2012இல் மூன்றில் இரண்டு பங்கு ராம்னிக்குப் போன கவுன்ட்டி அது. 2020இலும் 2024இலும் ட்ரம்புக்கு அங்கே 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. ஒவ்வொரு தேர்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகள் நகர்ந்திருக்கின்றன. நம் செய்திகளில் அந்த வீடுகளைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

*

இவ்வளவுக்கும் எத்தனை பேர் தாண்டினார்கள்? 2024 வாக்குச்சாவடிக் கணிப்பில் குடியரசுக் கட்சியினரில் 5 சதவீதம் ஹாரிஸுக்கு வாக்களித்ததாகத் தெரிந்தது. 2020இல் பைடனுக்கு 6. 1964இல் ஜான்சனுக்கு வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஐந்தில் ஒரு பங்கு என்பது காலப் நிறுவனத்தின் கணக்கு.

கூட்டம் கூட்டமாகக் கட்சி தாண்டிய காலமும் உண்டு, எதிர்த் திசையில். கார் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த மிச்சிகனின் மெகோம் கவுன்ட்டி மக்கள் 1960இல் கென்னடிக்கு 63 சதவீதம் கொடுத்தார்கள். 1984இல் ரீகனுக்கு 66. அரசியல் சாசனத்தைக் காக்க அவர்கள் தாண்டவில்லை. விலைவாசி, வேலை, வரி, இனப்பகை எல்லாம் அதில் இருந்தன. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. இரண்டு ஆண்டு கழித்தும் கடைக்குப் போய்வந்தவர் மனதில் அந்த விலைதான் நின்றது.

ஆனாலும் 5 சதவீதம் என்பதை அற்பமாக நினைக்க வேண்டாம். 2020இல் அரிசோனாவை பைடன் வென்றது 10,457 ஓட்டில், ஜார்ஜியாவை 11,779 ஓட்டில். ஜான் மெக்கெய்னின் மனைவி சிண்டி, பைடனுக்கு வெளிப்படையாக ஆதரவு சொன்ன மாநிலம் அரிசோனா. ஜார்ஜியாவில் அதே நாளில் செனட்டுக்கு நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் டேவிட் பெர்டியூ, அங்கே ட்ரம்ப் வாங்கியதைவிடச் சில நூறு ஓட்டுகள் கூடுதலாக வாங்கினார். கட்சிக்குப் போட்டு அதிபர் வேட்பாளருக்கு மட்டும் போடாத ஆட்கள் இருந்தார்கள்.

*

கடைசியாக, தாண்ட நினைப்பவரின் கையைக் கட்டிப்போடுவது எது என்பது பற்றி. உட்கட்சித் தேர்தல் முறைதான் என்பது என் முடிவு.

பதவிநீக்கத்தை ஆதரித்த பத்துப் பேரில் நான்கு பேர் 2022இல் போட்டியிடவே இல்லை. நான்கு பேர் உட்கட்சிச் சுற்றிலேயே தோற்றார்கள். சபைக்குத் திரும்பியவர்கள் கலிபோர்னியாவின் டேவிட் வலடாவோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ் இருவர் மட்டும். இரண்டு மாநிலங்களிலும் எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் நின்று, எல்லா வாக்காளர்களும் வாக்களித்து, முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போகும் முறை இருக்கிறது. அந்த முறையிலும் வாஷிங்டனின் ஜேமி ஹெரேரா பட்லர் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். முழு மருந்தல்ல. ஆனால் மற்ற மாநிலங்களைச் சேர்ந்த ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

2024 நவம்பரில் நெவாடா, கொலராடோ, ஐடஹோ மக்கள் இந்த வகைச் சீர்திருத்தத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். வயோமிங் அதற்கு முன்பே எதிர்த் திசையில் போனது. 2022இல் செனியைக் காப்பாற்ற ஜனநாயகக் கட்சியினர் சிலர் தற்காலிகமாகக் குடியரசுக் கட்சிக்குப் பதிவை மாற்றி வாக்களித்தார்கள். 2023இல் சட்டமன்றம் அதற்கும் தடை போட்டது. இப்போது அந்த மாநிலத்தில் வேட்புமனுத் தாக்கல் தொடங்கிய பிறகு உட்கட்சித் தேர்தல் முடியும்வரை யாரும் கட்சிப் பதிவை மாற்ற முடியாது.